இன்றைய தேதியில் நேற்றைய எண்

தேனி பேருந்து நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பதினான்கு வருடங்களாக அதே வேலை, அதே அறை. மாடிப்படிக்குக் கீழே உள்ள அந்த அறையில் ஒரு பெரிய சர்வர் இருக்கிறது. அதற்குள் நான்கு கணினிகள் ஓடுகின்றன. தனித்தனிப் பெட்டிகளாக அல்ல. ஒரே இயந்திரத்தைப் பங்கு போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றும் தான் ஒரு முழுக் கணினி என்று நம்பிக்கொண்டு ஓடுகின்றன. வெளியே இருக்கும் இயந்திரத்தை ஹோஸ்ட் என்றும் உள்ளே இருப்பவற்றை கெஸ்ட் என்றும் சொல்வோம். லேப் வேலைக்கான கெஸ்ட், தனக்கென்று ஒரு டிஸ்க் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். ஹோஸ்ட்டுக்கு அது ஒரு பெரிய கோப்பு, அவ்வளவுதான்.

எங்கள் மருத்துவமனையில் யாரும் திரையைப் பார்த்து மருந்து எழுதுவதில்லை. தாளைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். கரண்ட் போனாலும் தாள் போகாது என்பார் பெரிய டாக்டர். விடியற்காலையில் ரத்தம் எடுத்து, ஆறு மணிக்குள் லேப்பில் எண்களை ஏற்றிவிடுவார்கள். ஆறு இருபத்தைந்துக்கு வார்டு பிரிண்டரில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தாள் வரும். சிஸ்டர் அதைக் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையில் கிளிப் போட்டு மாட்டுவார். எட்டு மணிக்கு ரவுண்ட்ஸ். டாக்டர் அந்தத் தாளைப் பார்த்து, பக்கத்திலேயே மருந்தை எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

அந்தத் தாளை அடிக்கும் ஏற்பாட்டைச் செய்தவன் நான். லேப் மென்பொருளைக் கொடுத்தவர்கள், அந்த கெஸ்ட்டுக்குள் வேறு எதையும் நிறுவக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். நிறுவினால் பழுது பார்க்க வரமாட்டார்கள். அதனால் நான் வெளியிலிருந்தே பார்த்துவிட வழி செய்தேன். தினமும் காலையில் ஹோஸ்ட், கெஸ்ட்டின் டிஸ்க்கை ஒரு முறை மூடித் திறந்து, உள்ளே உள்ள நோயாளிகளின் கோப்புகளைப் படித்து, தாளாக அடித்துக் கொடுக்கும். எழுதும் உரிமை கிடையாது, படிக்க மட்டும்தான். அன்று டைரியில் எழுதியிருக்கிறேன்: “படிப்பதற்கு மட்டும். ஆகவே தீங்கில்லை.”

தாளின் மேல் பகுதியில் ஒழுங்காக ஒரு தலைப்பு வைத்தேன். நோயாளி எண், கட்டில் எண், தேதி, நேரம். தேதி இல்லாத தாளை நான் தாளாகவே மதிப்பதில்லை. அந்தத் தேதி, தாள் அச்சான தேதி. லேப் கோப்புக்குள்ளிருந்து எடுத்த தேதி அல்ல. இரண்டுக்கும் வித்தியாசம் வரும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பதினொரு மாதம் ஒரு குறையும் வரவில்லை.

அந்தக் காலையில் நான் பெரியகுளத்திலிருந்து வழக்கமான பேருந்தில் வந்து, ஏழு ஐம்பதுக்கு அறையைத் திறந்தேன். எட்டேகாலுக்கு வார்டிலிருந்து தலைமை சிஸ்டர் கூப்பிட்டார். குமுளிப் பக்கத்துக்காரர். இருபது வருடமாகத் தேனியில் இருந்தாலும் அவருடைய தமிழுக்குள் மலையாளம் அப்படியே இருந்தது.

“சாரே, மூணு பேருக்குத் தாள் வந்தில்ல. நேத்து சாயங்காலம் அட்மிட் ஆனவங்க. கையாலே எழுதி வாங்கியிருக்கேன்.”

“லேப்ல லேட்டா ஏத்தியிருப்பாங்க சிஸ்டர். பார்க்கிறேன்.”

லேப்புக்கு போன் செய்தேன். அங்கே இருந்த டெக்னீசியன் போடிக்காரர். எனக்கு ஐந்து வயது இளையவர். எதையும் கிண்டலாகத்தான் பேசுவார்.

“நாங்க ஆறு மணிக்கே ஏத்தியாச்சுண்ணே. ஒங்க பெட்டிக்குக் காலையில காப்பி குடுக்க மறந்துட்டீகளா? போய்த் தட்டி எழுப்புங்க.”

சிரித்துவிட்டு போனை வைத்தேன். மூன்று தாள் வராததற்குப் பிரிண்டரில் காகிதம் சிக்கியதும் காரணமாக இருக்கலாம் என்று நினைத்து மாடி ஏறினேன். மணி எட்டு முப்பத்தைந்து. ரவுண்ட்ஸ் முடிந்து பெரிய டாக்டர் அறுவைச் சிகிச்சை அறைக்குப் போயிருந்தார்.

வார்டு வாசலில் ஒருவர் நின்றிருந்தார். கம்பம் பக்கத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவருடைய மனைவியை இரண்டு நாள் முன்பு வாந்தி, வயிற்றுப்போக்கு என்று கொண்டுவந்து நாலாம் கட்டிலில் சேர்த்திருந்தார்கள். அவர் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று அன்றைய தாள்; அட்டையிலிருந்து கழற்றி வந்திருந்தார். இன்னொன்று முந்தின நாள் தாள். சிஸ்டர் குப்பையில் போடப்போனதைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தாராம்.

“சார், நீங்கதான இந்தத் தாள் அடிக்கிறவுக? சிஸ்டரு சொன்னாக.”

“ஆமா.”

“இந்தப் பொட்டாசியம், நேத்து ரெண்டு புள்ளி ஆறு. இன்னிக்கும் ரெண்டு புள்ளி ஆறு. ஒரு நாப் பூராம் மருந்து ஏத்தியிருக்காக. ஒரு பொட்டுக்கூட ஏறலையே?”

“அதெல்லாம் டாக்டர்ட்ட கேளுங்க. எனக்குத் தெரியாது.”

“கேட்டேன். ஒடம்பு ஏத்துக்கிற மாட்டேங்குது, மருந்தக் கூட்டுவோம்னு சொல்லிட்டுப் போயிட்டாக. சரி, அது ஒண்ணு அப்படியே இருக்கட்டும். மத்ததையும் பாருங்களேன்.” இரண்டு தாள்களையும் சுவரில் வைத்து ஒன்றாகப் பிடித்தார். “பழத்துல சக்கர பாக்குற கருவி எங்கிட்டயும் இருக்கு சார். ஒரே குலைய ரெண்டு நாள் பாத்தா ரெண்டு அளவு காட்டும். மனுச ரத்தம் அப்படியேவா நிக்கும்? இங்கன ஏழு வரியும் அச்சு மாறாம இருக்கு.”

பார்த்தேன். சோடியம், யூரியா, கிரியாட்டினின் எல்லாம் அப்படியே இருந்தன. தசமப் புள்ளிக்குப் பிறகு உள்ள எண்கூட மாறவில்லை. மாறியிருந்தது தேதி மட்டும்.

மூன்று பேர் ஏன் இல்லை என்பது அந்த நொடியில் விளங்கியது. நேற்று சாயங்காலம் வந்தவர்கள் நேற்றுக் காலையின் பட்டியலில் எப்படி இருப்பார்கள்?

அங்கேயே, அப்போதே நான் சிஸ்டரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பத்தடி தூரம்தான். நான் போகவில்லை. “ஒரு நிமிஷம் இருங்க” என்று அந்த மனிதரிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கி என் அறைக்கு ஓடினேன். உறுதி செய்யாமல் எதையும் சொல்லக் கூடாது என்பது என் வழக்கம். அதை ஒழுக்கம் என்று நினைத்திருந்தேன். அன்று அதற்குள் பயம்தான் இருந்தது. நான் அடித்த தாள் தப்பு என்று என் வாயால் சொல்லும் முன், அது தப்பாக இருக்காது என்பதற்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் போனேன்.

லேப் கெஸ்ட்டின் திரையைத் திறந்து நாலாம் கட்டில் நோயாளியின் எண்ணைப் போட்டேன். பொட்டாசியம் ஐந்து புள்ளி மூன்று; மூன்றரையிலிருந்து ஐந்துக்குள் இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே போட்டிருந்தது. பக்கத்தில் ஹோஸ்ட்டின் திரை. அதே டிஸ்க், அதே கோப்பு. பொட்டாசியம் இரண்டு புள்ளி ஆறு. இரண்டு ஜன்னல்களும் ஒரே திரையில் அருகருகே இருந்தன. மறுபடி படிக்கச் சொன்னேன். மறுபடியும் இரண்டு புள்ளி ஆறு என்றது. கொஞ்சமும் தயங்காமல் சொன்னது.

என்ன நடந்தது என்பதை அப்போது பாதி புரிந்துகொண்டேன். ஒரு இயந்திரம் டிஸ்க்கைப் படித்தால், படித்ததைத் தன் நினைவிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். கேஷ் என்பது அதுதான். மறுபடி கேட்டால் டிஸ்க்குக்குப் போகாமல் அந்தப் பிரதியை எடுத்து நீட்டிவிடும். சாதாரணமாக இதில் ஆபத்தில்லை. டிஸ்க்கில் எழுதுவதும் அதே இயந்திரம்தான் என்பதால், எழுதும்போதே பிரதியையும் திருத்திக்கொள்ளும். என் ஏற்பாட்டில் எழுதியது உள்ளே இருந்த கெஸ்ட். படித்தது வெளியே இருந்த ஹோஸ்ட். உள்ளே எழுதியது வெளியே தெரியாது. தெரிவிக்கும் வேலை யாருக்கும் கொடுக்கப்படவில்லை. தினமும் மூடித் திறந்ததால்தான் பழைய பிரதி கலைந்து, பதினொரு மாதம் சரியாக வந்திருக்கிறது. அன்று மூடவில்லை. ஏன் மூடவில்லை என்று தேட நேரமில்லை.

வார்டுக்கு போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. போனை வைக்காமலேயே ஓடினேன்.

நான் அறைக்குப் போய்த் திரும்பியதில் கழிந்தது நான்கு நிமிடம். அதற்குள் நாலாம் கட்டிலில், அதுவரை ஓடிய பொட்டாசியப் பாட்டிலை எடுத்துவிட்டுப் புதுப் பாட்டில் மாட்டியாகிவிட்டது. நேற்றையதைவிட அடர்த்தியானது. சொட்டு விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

“எந்தா சாரே, இப்படி ஓடி வர்றீங்க?” என்றார் சிஸ்டர்.

“அந்தப் பாட்டிலை நிறுத்துங்க.”

“டாக்டர் எழுதினதாக்கும். கம்ப்யூட்டர்காரர் சொன்னா நிறுத்த முடியுமோ?”

“தாள் பழசு சிஸ்டர். அது நேத்து நம்பர்.”

அவர் அட்டையில் தாளைத் தேடினார். கணவர் பின்னாலிருந்து தாளை நீட்டினார். சிஸ்டர் வாங்கி மேல் வரியில் விரலை வைத்தார். “இன்னத்தெ தேதி இருக்கே. ஆறு இருபத்தஞ்சுன்னு நேரமும் இருக்கே.”

“தேதி நான் போட்டது. நம்பர் நேத்தது. இன்னிக்கு அஞ்சு புள்ளி மூணு.”

சிஸ்டர் கட்டிலுக்குத் திரும்பினார். குழாயில் இருந்த சக்கரத்தை உருட்டி மூடினார். சொட்டு நின்றது. பிறகு தாழ்வாரத்தைப் பார்த்து, அந்த வார்டு முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி டூட்டி டாக்டரைக் கூப்பிட்டார்.

டூட்டி டாக்டர் இளம் பெண். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “எவ்வளவு நேரம் ஓடிச்சு?” சிஸ்டர் சொன்னார். உடனே நெஞ்சில் வயர்களை ஒட்டி இசிஜி எடுத்தார்கள். புது ரத்தம் எடுத்து லேப்புக்கு ஆளை ஓடவிட்டார்கள். காகிதப் பட்டை மெதுவாக வெளியே வந்தது. அதில் இருந்த கோடுகள் எனக்குப் புரியாது. டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஓர் இடத்தில் நகத்தை வைத்து, “உச்சி கூரா நிக்குது” என்று சிஸ்டரிடம் சொன்னார்.

“அப்படின்னா?” என்று கேட்டேன்.

“குறைஞ்சாலும் ஹார்ட்டுக்கு ஆபத்து, கூடினாலும் ஆபத்து. கூடினா சொல்லாமக் கொள்ளாம நின்னுடும்.” என்னைப் பார்க்காமலேயே சொன்னார். பிறகு பார்த்தார். “நேத்து சாயங்காலம் எடுத்த ரத்தம் கெட்டுப்போச்சு, காலையில எடுத்துக்கலாம்னு லேப்ல சொன்னாங்க. அதனால இந்தத் தாளை மட்டும்தான் நம்பியிருந்தோம். இந்த மாதிரி இன்னும் எத்தனை தாள் வெளியே இருக்கு?”

அதுவரை எனக்கு அந்த ஒரு கட்டில்தான் கண்ணில் இருந்தது. “இருபத்தெட்டு” என்றேன்.

“எது பழசு, எது புதுசுன்னு சொல்ல முடியுமா?”

முடியாது. அதுதான் எல்லாவற்றையும்விட என்னை நடுங்க வைத்தது. எல்லாம் பழையதாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். நினைவில் இடம் தேவைப்படும்போது இயந்திரம் சில பிரதிகளைத் தானே தூக்கிப் போட்டிருக்கும். அவற்றை மட்டும் டிஸ்க்கிலிருந்து புதிதாகப் படித்திருக்கும். அதனால் சில தாள்கள் இன்றையவை, சில நேற்றையவை. பதினோராம் கட்டில் முதியவரின் இரண்டு பக்கத் தாளில் முதல் பக்கம் இன்றையது, இரண்டாம் பக்கம் நேற்றையது என்று பிறகு ஒப்பிட்டபோது தெரிந்தது. எல்லாவற்றின் தலையிலும் என்னுடைய தேதி ஒரே மாதிரி அழகாக உட்கார்ந்திருந்தது.

ஒவ்வொரு கட்டிலாகப் போய்த் தாள்களைப் பிடுங்கினேன். கேட்டவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. சிஸ்டர் இன்னொரு பக்கமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தார். லேப்பிலிருந்து டெக்னீசியன், தன் திரையைப் பார்த்து ஒவ்வொரு நோயாளியின் எண்ணையும் போனில் படிக்க, ஒருவர் கையால் எழுதினார். அன்று அவர் ஒரு கிண்டலும் செய்யவில்லை. நான்கு பேருக்கு எழுதிய மருந்தை மாற்ற வேண்டியிருந்தது. மூன்று பேருக்கு மருந்து இன்னும் கொடுக்கப்படவில்லை. கொடுக்கப்பட்டுவிட்டது நாலாம் கட்டிலில் மட்டும்.

புது ரத்தத்தின் எண் ஒன்பது பத்துக்கு வந்தது. ஆறு புள்ளி ஒன்று. அந்தப் பெண்ணைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் கண்ணைத் திறந்து, “ஏத்தா, எங்கன கொண்டுபோறீக?” என்று சிஸ்டரைக் கேட்டார். சிஸ்டர், “இவிடெத்தான், பக்கத்துல” என்றார். இதயத்தைக் காக்க ஒரு ஊசி, பொட்டாசியத்தை இறக்க இன்சுலினும் குளுக்கோஸும் என்று டாக்டர் வேகமாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். கதவு மூடியது. கதவின் மேல் ஒரு சிறு கண்ணாடி. அதில் திரையின் பச்சைக் கோடு மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு முறை அது மேலே எழும்புவதையும் எண்ணிக்கொண்டு நின்றேன்.

பத்து மணிக்குப் பெரிய டாக்டர் கூப்பிட்டனுப்பினார். நடந்ததை நேர வரிசையில் சொன்னேன். மூடாததற்குக் காரணத்தையும் அதற்குள் கண்டுபிடித்திருந்தேன். முந்தின நாள் மாலை, தாள்கள் சரியாக வருகின்றனவா என்று நானே ஒரு முறை சோதித்தேன். ஹோஸ்ட்டில் அந்தக் கோப்புகள் இருக்கும் இடத்துக்குள் போய், திரையில் ஒரு ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, அதை மூடாமல் பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டேன். உள்ளே ஒருவர் நிற்கும்போது அந்த டிஸ்க்கை மூட இயந்திரம் சம்மதிக்காது. காலையில் அது மறுத்திருக்கிறது. மறுத்தால் நிறுத்து என்று நான் எழுதி வைக்கவில்லை. கோப்புகள் கண்ணில் தெரிகின்றனவா என்று மட்டும் பார்க்கச் சொல்லியிருந்தேன். தெரிந்தன; அடித்துவிட்டது. என் சோதனைதான் இதைச் செய்தது.

பெரிய டாக்டர் திட்டவில்லை. “இதையெல்லாம் என்கிட்ட சொல்லிட்டீங்க. வெளியே நிக்கிறாரே, அவர்ட்ட சொல்லிட்டீங்களா?” என்றார்.

“என்ன சொல்றது சார்?”

“நடந்ததை.”

தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே இரும்பு நாற்காலியில் அந்தப் பெண்ணின் கணவர் உட்கார்ந்திருந்தார். டாக்டரின் அறையிலிருந்து அந்தப் பன்னிரண்டு அடியை நடக்க எனக்கு நேரமானது. அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நல்லது என்றும் இருந்தது. ஹோஸ்ட், கெஸ்ட் எதையும் சொல்லவில்லை. “தாள்ல வந்தது நேத்து நம்பர். தேதியை மட்டும் இன்னிக்குன்னு என் புரோகிராம் போட்டிருச்சு. அதைப் பார்த்து டாக்டர் மருந்தைக் கூட்டிட்டார். தப்பு என்னோடது. நீங்க கேட்டதாலதான் தெரிஞ்சுது” என்றேன்.

அவர் கையில் இருந்த நேற்றைய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“நான் கேட்டப்பவே ஒங்களுக்குத் தெரிஞ்சுருச்சுல்ல?”

“ஆமா.”

“அப்புறம் ஏன் கீழ ஓடுனீக? சிஸ்டரு அங்கனதான நின்னாக?”

நான் பாட்டிலைப் பார்க்கவில்லை, அது மாட்டப்படும் என்று தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. சொல்லவில்லை.

“போங்க” என்றார்.

நான் கொஞ்சம் தள்ளி, படிக்கட்டின் பக்கத்தில் நின்றேன். பதினொரு மணிக்கு ஐந்து புள்ளி ஏழு. ஒரு மணிக்கு ஐந்து புள்ளி இரண்டு. ஒவ்வொரு எண்ணையும் சிஸ்டர் வந்து அவரிடம் சொன்னார். ஒவ்வொரு முறையும் அவர் லேப்வரை நடந்து போய், அதையே அங்கேயும் கேட்டுவிட்டு வந்தார். ஜன்னலுக்கு வெளியே மேகமலைப் பக்கம் முழுதாக மேகம் மூடிக் கிடந்தது. கரண்ட் ஒரு முறை போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் இருந்த இருட்டில் அந்தப் பச்சைக் கோடும் போய்விட்டதோ என்று கதவுக்கு ஓடினேன். அது பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.

மாலை ஐந்து மணிக்குக் கடைசியாக ரத்தம் எடுத்தார்கள். இது சரியாக இருந்தால் வார்டுக்கு மாற்றிவிடலாம் என்று டூட்டி டாக்டர் சொல்லியிருந்தார். லேப்பில் நானும் போய் நின்றேன். அந்தப் பெண்ணின் கணவர் வாசல்படியிலேயே நின்றார். கருவி வேலை செய்யும் சத்தம் மட்டும் கேட்டது. எண் திரையில் வந்ததும் முதலில் என் கண்ணில்தான் பட்டது. நான் அவர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன்.

“நீங்க சொல்லாதீக,” என்றார். “அந்தத் தம்பி சொல்லட்டும்.”

டெக்னீசியன் என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். “நாலு புள்ளி நாலுண்ணே. நார்மல்.”

“இது இப்ப எடுத்த ரத்தந்தான?”

“இப்ப எடுத்ததுதாண்ணே. இந்தா, குழாய் இன்னும் மிசின்லதான் இருக்கு.”

அவர் உள்ளே வந்து, குனிந்து, அந்தக் கண்ணாடிக் குழாயில் ஒட்டியிருந்த தன் மனைவியின் பெயரை விரலால் தொட்டு, எழுத்தெழுத்தாக ஒரு முறை படித்தார். பிறகு என்னைத் தாண்டி மாடிக்குப் போனார்.